விளக்கம்: முதல் பட இயக்குநருக்கு ரூ.1.5 கோடி - தேர்வு செய்வது யார், எப்படி?

கொச்சி: முதல் படத்தை இயக்கக் காத்திருக்கும் ஒருவரிடம் திரையிட்டுக் காட்டப் படம் இருப்பதில்லை, திரைக்கதை மட்டுமே இருக்கும். அதைப் படித்துவிட்டு, ரூ.1.5 கோடி பொதுப்பணத்தை அந்தப் படத்துக்குச் செலவிடலாமா என முடிவு செய்யும் பொறுப்பு, திரைத்துறை வல்லுநர்கள் அடங்கிய தேர்வுக் குழுவுக்கு உள்ளது. கேரளத்தில் 2025 ஆகஸ்டில் எழுந்த சர்ச்சை, இத்தகைய தேர்வு முறை மீது நாட்டின் கவனத்தைத் திருப்பியது.

திட்டம் என்ன?

கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம், 2019-இல் பெண் இயக்குநர்களுக்கான திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அது பட்டியல் சாதி, பழங்குடியின இயக்குநர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஒரு படத்துக்கான உச்சவரம்பு ரூ.1.5 கோடி. இது இயக்குநரின் கையில் வழங்கப்படும் நன்கொடை அல்ல. கழகமே தயாரிப்பாளராக இருந்து படத்துக்குச் செலவிடுகிறது.

தாரா ராமானுஜனின் 'நிஷித்தோ', மினி ஐ.ஜி.யின் 'டிவோர்ஸ்', ஸ்ருதி சரண்யத்தின் 'பி 32 முதல் 44 வரெ', இந்து லட்சுமியின் 'நிளா' ஆகியவை இத்திட்டத்தில் உருவானவை. இவற்றில் 'நிஷித்தோ', கேரள மாநில விருதுகளில் இரண்டாவது சிறந்த படத்துக்கான விருதைப் பகிர்ந்துகொண்டது. அழகு நிலையம் ஒன்றில் நிகழும் சிவரஞ்சினியின் 'விக்டோரியா' படத்தில் நடித்த மீனாட்சி ஜெயன், 2025 ஷாங்காய் திரைப்பட விழாவில் ஆசியப் புதிய திறமையாளர்கள் பிரிவில் சிறந்த நடிகையாகத் தேர்வானார்.

சர்ச்சை ஏன்?

திருவனந்தபுரத்தில் நடைபெற்ற கேரள திரைப்படக் கொள்கை மாநாட்டின் நிறைவு நாளில், மூத்த இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் இத்திட்டத்தை விமர்சித்தார். தேர்வானவர்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் வல்லுநர்கள் பயிற்சி அளிக்க வேண்டும், தொகையை ரூ.50 லட்சமாகக் குறைத்துக் கூடுதலானோருக்கு வழங்கலாம் என்பது அவரது கருத்து. பெண் என்பதற்காக மட்டும் நிதி வழங்கக் கூடாது என்றும் அவர் கூறினார்.

அரங்கிலேயே பாடகி புஷ்பவதி எதிர்ப்புத் தெரிவித்தார். கலாசாரத் துறை அமைச்சர் சஜி செரியான் திட்டத்தை ஆதரித்துப் பேசினார். அடூரின் பேச்சு பட்டியல் சாதியினரையும் பெண்களையும் தகுதிக் குறைவானவர்களாகச் சித்திரிக்கிறது என விமர்சகர்கள் கண்டித்தனர். இழிவுபடுத்தும் நோக்கம் தமக்கு இல்லை என்றும், பயிற்சியின் தேவையையே வலியுறுத்தியதாகவும் அடூர் விளக்கமளித்தார்.

அரை நூற்றாண்டுக்கு முன்

அடூரின் முதல் படமும் பொதுப்பணத்தின் துணையுடன் உருவானதே. 1960-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் திரைப்பட நிதிக் கழகம், அவரது கடன் விண்ணப்பத்தை முதலில் நிராகரித்தது. பின்னர் 'சுயம்வரம்' படத்துக்கு ரூ.1.5 லட்சம் கடன் வழங்கியது. 1972-இல் வெளியான அப்படம், சிறந்த படம், சிறந்த இயக்குநர் உள்பட நான்கு தேசிய விருதுகளை வென்றது. அதற்கு முன்னரே அவர் புணே திரைப்படக் கல்லூரியில் பயின்றிருந்தார். பயிற்சி வேண்டும் என்ற வாதத்துக்கும், புதியவர் மீது நம்பிக்கை வைக்க வேண்டும் என்ற வாதத்துக்கும் இந்த ஒரே வரலாற்றைச் சான்றாகக் காட்ட முடியும்.

பிற இடங்களில்

தமிழ்நாட்டில் குறைந்த செலவில் தயாராகும் தரமான படங்களுக்கு அரசு மானியம் வழங்குகிறது. ஆனால், அங்கு தேர்வுக் குழு பார்ப்பது முடிவடைந்த படத்தை. இதனால் தவறான தேர்வுக்கான வாய்ப்பு குறைகிறது. அதேநேரம், படமெடுக்கவே பணம் இல்லாதவருக்கு இது உதவாது.

பிரான்ஸில் 1959 முதல் நடைமுறையில் உள்ள முன்பணத் திட்டத்தில், முதல் பட இயக்குநர்களின் விண்ணப்பங்களைத் தனிக் குழு பரிசீலிக்கிறது. இதனால் புதியவர்கள், அனுபவம் மிக்கவர்களுடன் போட்டியிட வேண்டியதில்லை. படம் வருவாய் ஈட்டினால் முன்பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டும்.

நடுவர்கள் மீதான கேள்வி

திரைக்கதையின் வலிமையையும், அதற்கான செலவுக் கணக்கு நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதையும் மதிப்பிடத் திரைத்துறை அனுபவம் தேவை. ஆனால், அந்த அனுபவமே சிக்கலாகவும் மாறக்கூடும். கொச்சியையும் திருவனந்தபுரத்தையும் மையமாகக் கொண்ட மலையாளத் திரையுலகம் சிறியது. நடுவருக்கு விண்ணப்பதாரர் முன்பே அறிமுகமானவராகவோ, அவருடன் பணியாற்றியவராகவோ இருக்கலாம்.

முதல் சுற்றில் பெயரை மறைத்துத் திரைக்கதையை வாசிப்பது, தொடர்புடைய விண்ணப்பத்திலிருந்து நடுவர் விலகிக்கொள்வது, குழுவை அவ்வப்போது மாற்றுவது, நிராகரிப்புக்கான காரணத்தை எழுத்து வடிவில் தெரிவிப்பது ஆகியவை இதற்கான பொதுவான தீர்வுகள். இவற்றுள் விண்ணப்பதாரருக்கு நேரடியாகப் பயன்படுவது கடைசி ஏற்பாடே. காரணம் தெரிந்தால்தான், நிராகரிக்கப்பட்டவர் திரைக்கதையைத் திருத்தி மீண்டும் விண்ணப்பிக்க முடியும்.