பஜ்ஜியா, மத்தியா? அப்பாவாகக் காத்திருக்கும் ஆண்கள் கவனிக்க வேண்டிய கொழுப்பு!

தண்டையார்பேட்டையில் ஷிஃப்ட் முடிகிற சாயங்கால நேரம். டீக்கடை வாணலியில் பஜ்ஜி பொரிகிறது. பக்கத்திலேயே அத்தோ வண்டி, பேக்கரியில் சூடாக பப்ஸ். வேலை முடிந்து வரும் ஆண்கள் பலருக்கு இதுதான் தினசரிச் சிற்றுண்டி.

கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் 'விசேஷம்' இல்லையென்றால், கேள்வி மட்டும் மனைவியிடம்தான் வரும். விரதம், மாத்திரை, ஸ்கேன் எல்லாமே அவருக்குத்தான். ஆனால், காரணம் கணவரிடமும் இருக்கலாம். அவருடைய தட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆய்வு சொல்வது என்ன?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு வந்த 99 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. நிறைவுற்ற கொழுப்பை அதிகம் சாப்பிட்டவர்களின் மொத்த விந்தணு எண்ணிக்கை, குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட 35 சதவிகிதம் குறைவாக இருந்தது. ஒமேகா-3 கொழுப்பை அதிகம் எடுத்தவர்களிடம் சரியான வடிவமுள்ள விந்தணுக்கள் கூடுதலாக இருந்தன. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அதனால் கொழுப்பு மட்டுமே காரணம் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால், டென்மார்க்கில் 701 இளைஞர்களிடம் நடந்த ஆய்விலும் இதே போக்குதான் தெரிந்தது.

எது வேண்டும், எது வேண்டாம்?

விந்தணுவின் மேலுறையில் டி.ஹெச்.ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருக்கிறது. இது மத்தி, கானாங்கெளுத்தி மீன்களில் தாராளமாகக் கிடைக்கும். காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது. வஞ்சிரத்தைவிட விலையும் குறைவு. எண்ணெயில் பொரிக்காமல் குழம்பாக வைப்பது நல்லது. சைவம் சாப்பிடுபவர்களுக்கு வால்நட், ஆளி விதை உதவும்.

வனஸ்பதியில் செய்த தின்பண்டங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி, 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் அமலில் இருக்கிறது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதையும் நிறுத்துங்கள்.

மூன்று மாதப் பொறுமை

ஒரு விந்தணு உருவாகி முதிர்ச்சியடைய ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகும். இன்று மாற்றும் சாப்பாட்டின் பலனை நாளைக்கே எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொன்று, மீன் குழம்பு மருந்தல்ல. சிகரெட், மது, விதைப்பை நரம்பு வீக்கம் போன்றவற்றால் வரும் பாதிப்பை அது சரிசெய்யாது. ஒரு வருடம் முயன்றும் கரு நிற்கவில்லையென்றால், மனைவிக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கணவருக்கான முதல் பரிசோதனையில் ஊசி இல்லை, வலி இல்லை. விந்து மாதிரி கொடுத்தால் போதும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரி வரிசையில் மனைவி மட்டும் தனியாக நிற்க வேண்டாமே!