பழைய லேப்டாப்புல லினக்ஸ்: முதல்ல ஓட்டிப் பாருங்க

2011-ல தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினப்போ, முதல்வர் ஜெயலலிதா நம்ம ஸ்ரீரங்கம் எம்.எல்.ஏ. அந்த லேப்டாப்கள்ல விண்டோஸோட, சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸையும் போட்டே கொடுத்தாங்க.

இப்போ லினக்ஸை நாமளே போட வேண்டிய நேரம். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சிடுச்சு. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 கேக்குது. அது இல்லாத லேப்டாப் திருச்சியில உங்க வீட்டு அலமாரியில தூங்குதா? தூக்கிப் போடாதீங்க. ஆனா ஹார்டுவேர் ஒத்துப்போகுமான்னு நாமதான் பார்க்கணும்.

பெரும்பாலான டிரைவர்கள் லினக்ஸ் கெர்னல்லயே இருக்கு. அடிக்கடி மக்கர் பண்றது வைஃபை சிப்தான். பிராட்காம் சிப்கள் சிலதுக்கு டிரைவரையோ ஃபர்ம்வேரையோ தனியா போடணும்.

அதனால நான் சொல்றது இதுதான்: முதல்ல பென்டிரைவ்ல இருந்து லைவ்வா ஓட்டிப் பாருங்க. இன்ஸ்டால் கொடுக்காத வரைக்கும் ஹார்டு டிஸ்க்ல இருக்கறது அப்படியே இருக்கும். வைஃபை, சவுண்டு, கேமரா வேலை செய்யுதா? மூடியை மூடித் திறந்தா முழிச்சுக்குதா? வைஃபை மட்டும் வரலைன்னா, போனை யு.எஸ்.பி. கேபிள்ல இணைச்சு நெட் எடுத்து, தேவையானதை இறக்கிக்கலாம். எல்லாம் சரியா இருந்தா, பேக்கப் எடுத்துட்டு இன்ஸ்டால் பண்ணுங்க.