‘தாள்’ என்று முதலில் பேசிய பிள்ளை

2014 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் போனவர்கள், பாரகன் பேரங்காடியில் ஓர் அதிசயத்தைக் கண்டிருப்பார்கள். நான்கு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் உயரமும் கொண்ட பரப்பில் ஒருவர் பேனாவால் சிங்கப்பூர் நகரத்தை வரைந்துகொண்டிருந்தார். பார்த்து வரைய ஒரு புகைப்படம்கூட இல்லை. சுமார் ஒரு மணி நேரம் ஹெலிகாப்டரில் பறந்து நகரைப் பார்த்திருந்தார், அவ்வளவுதான். ஐந்து நாளில் படம் முடிந்தது. சிங்கப்பூரின் 50 ஆவது ஆண்டு நிறைவுக்கு அது பரிசாக அளிக்கப்பட்டது.

அவர் பெயர் ஸ்டீபன் வில்ட்ஷயர். 1974 இல் லண்டனில் பிறந்தவர். தாய் தந்தையர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிழைப்புக்காக இங்கிலாந்து வந்தவர்கள். கடல் கடந்து வந்த குடும்பத்தின் பாடு நமக்குத் தெரியாததா, வாசகர்களே? ஸ்டீபனுக்கு மூன்று வயதாகும்போது தந்தை மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். அதே வயதில்தான் பிள்ளைக்கு ஆட்டிசம், அதாவது மதியிறுக்கம், இருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள். ஒரு தாய்க்கு அடிமேல் அடி.

பிள்ளை பேசவில்லை. யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை, நினைத்தது நடக்காவிட்டால் கத்துவான். இப்படிப்பட்ட பிள்ளையை நம் லயங்களில் என்னவெல்லாம் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ‘சாமி குத்தம்’ என்பார்கள். ‘வளர்த்த வளர்ப்பு சரியில்லை’ என்று தாயைக் குறை கூறுவார்கள். இரண்டும் தவறு. மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே இருக்கும் வேறுபாடு இது. பெற்றவளின் குற்றம் இதில் எள்ளளவும் இல்லை.

ஐந்து வயதில் ஸ்டீபனை லண்டனில் குவீன்ஸ்மில் என்ற சிறப்புப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே அவனுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, வரைவது. முதலில் விலங்குகள், பிறகு லண்டன் பேருந்துகள், அதன் பிறகு கட்டடங்கள். அவனைப் பேசவைக்க ஆசிரியர்கள் ஒரு வழி செய்தார்கள். தாளையும் எழுதுகோலையும் எடுத்து ஒளித்து வைத்தார்கள். பிள்ளை முதலில் ஏதேதோ ஒலி எழுப்பினான். கடைசியில் ஒரு சொல் வந்தது: ‘பேப்பர்’. அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். நன்றாகப் பேச வர ஒன்பது வயதாயிற்று.

நானும் ஓர் ஆசிரியன் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வழி அங்கே பலித்தது. அதற்காக வீட்டில் பிள்ளைக்குப் பிடித்ததைப் பிடுங்கி வைத்துப் பார்க்காதீர்கள். அங்கே பழகிய ஆசிரியர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர்களில் கிறிஸ் மாரிஸ் என்ற இளம் ஆசிரியர், பையனின் படங்களைப் பார்த்து வியந்து, அவனை ஊக்கப்படுத்தினார்.

எட்டு வயதில், முன்னாள் பிரதமர் எட்வர்ட் ஹீத்துக்காக சாலிஸ்பரி தேவாலயத்தை வரைந்து கொடுத்தான் ஸ்டீபன். 1987 இல் பிபிசி தொலைக்காட்சி அவனைக் காட்டியபோது, பெயர் பெற்ற கட்டடக் கலைஞர் ஹியூ கேசன் மனமாரப் பாராட்டினார். அதே ஆண்டில் முதல் புத்தகமும் வந்தது. வெனிஸ், ஆம்ஸ்டர்டாம், லெனின்கிராட், மாஸ்கோ ஆகிய ஊர்களை வரைந்த புத்தகம் 1991 இல் வெளியாகி, விற்பனையில் முதலிடம் பிடித்தது.

இனி அவர் வரையும் விதத்துக்கு வருவோம். எனக்கு அதுதான் மிகவும் பிடித்த பகுதி. அவருக்குப் பேனாவும் மையும்தான் முக்கியக் கருவி. பேனாக்கோடு விழுந்தால் விழுந்ததுதான், ரப்பரால் அழிக்க முடியாது. அப்படியிருந்தும் கை தயங்குவதில்லை. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, ஜன்னல் ஜன்னலாக, மாடி மாடியாகக் கோடுகள் வளரும். 2005 இல் தோக்கியோ நகரைப் பத்து மீட்டர் நீளத்தில் ஏழு நாளில் வரைந்தார். ரோம் நகரை வரைந்தபோது, பழைமையான பாந்தியன் கோயிலின் தூண்கள் எண்ணிக்கை மாறாமல் வந்திருந்தன. 2009 இல் நியூயார்க்கைச் சுற்றிப் பார்த்தது இருபதே நிமிடம். படமோ பதினெட்டு அடி!

‘அப்படியானால் இவர் மனிதக் கேமராதானே?’ என்று கேட்பீர்கள். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. எனக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. அவரோடு பயணம் செய்து பழகிய நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ், 1995 இல் வந்த தம் நூலில் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். படங்கள் வெறும் நகல் அல்ல, கூட்டலும் குறைத்தலும் அவற்றில் உண்டு என்பது அவர் கண்டது. கேமராவுக்கு ஆசை ஏது? ஸ்டீபனுக்கு உண்டு. உயர்ந்த கட்டடங்கள், நெரிசலான தெருக்கள், பழைய பெரிய அமெரிக்கக் கார்கள் என்றால் அவருக்கு உயிர். சிறு வயதில் பூகம்பப் படங்களைப் பார்த்துவிட்டு, இடிந்து விழும் நகரங்களைக் கற்பனையாக வரைந்து தள்ளியவர் அவர்.

இதைப் படித்துவிட்டு, ‘எம்பிள்ளையும் இப்படி வரைவானா, சார்?’ என்று கேட்டு எந்தத் தாயும் ஏங்க வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்களில் இத்தகைய அபூர்வத் திறன் பெற்றவர்கள் சிறு பகுதியினரே. ஒரு பிள்ளை பொத்தான் போடக் கற்றுக்கொள்ள ஓராண்டு ஆகலாம். அந்தப் பிள்ளையும் பிள்ளைதான். இரண்டு வயதாகியும் பேச்சு வராமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாமல் இருந்தால், ‘அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்’ என்று பாட்டி சொல்வதைக் கேட்டு உட்கார்ந்துவிடாமல் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். மலேசியாவில் சமூக நலத்துறையில் பதிந்து ஓகேயூ அட்டை எடுக்கலாம். அரசுப் பள்ளிகள் பலவற்றில் சிறப்புக் கல்வி வகுப்பும் உண்டு. அட்டை எடுத்தால் பிள்ளைக்குப் பெயர் கெட்டுவிடும் என்று தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தில் பிள்ளையின் நல்ல ஆண்டுகள் போய்விடுகின்றன.

ஸ்டீபன் பிறகு லண்டனில் முறையாக ஓவியக் கல்லூரியில் படித்தார். 2006 இல் இங்கிலாந்து அரசு அவருக்கு எம்.பி.இ. விருது வழங்கியது. அதே ஆண்டில் லண்டனில் அவருக்கென்று ஓவியக்கூடம் ஒன்றும் திறக்கப்பட்டது. அவருக்கு ஓர் அக்காள் இருக்கிறார். கண்காட்சிகள், பயணங்கள் என்று தம்பியின் வேலைகளைக் கவனிப்பதில் பெரும்பங்கு அவருடையதுதான்.