பனியனில் டைனோசர், பாறையில் கடல்

காதர்பேட்டையில் வாங்கிவந்த பனியனைப் பேத்தி போட்டுப் பார்த்தாள். மார்பில் பல்லைக் காட்டியபடி ஒரு டைரனோசரஸ். வெளிநாட்டுக் குழந்தைகளுக்காகத் திருப்பூரில் அச்சான படம். “அப்புச்சி, இது நம்மூர்ல இருந்துச்சா?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதில் நம் ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் உரியது.

டைரனோசரஸ் வாழ்ந்தது வட அமெரிக்காவில், கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதியில். 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. அக்கால உயிர்களைத் திருப்பூர் மண்ணில் தேடிப் பயனில்லை. நம் காலடிப் பாறைகள் 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. விலங்குகள் தோன்றும் முன்பே உருவான பாறையில் எலும்பு எப்படி இருக்கும்?

கிழக்கே அரியலூர், பெரம்பலூர் பக்கம் சென்றால் கதை வேறு. கிரெட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் இருந்தது. இந்தியா அப்போது ஆசியாவுடன் இணைந்திருக்கவில்லை. தென்கண்டங்களிலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. ஆட்டுக்கிடாயின் கொம்புபோல் சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டுகள் அக்கடலில் நீந்தின. அவை இன்றைய கணவாயின் உறவினங்கள். சுறாக்களும் சிப்பிகளும் உடன் வாழ்ந்தன. இறந்தவற்றைச் சேறு மூடியது. சேறு இறுகிப் பாறையானது. ஓடுகளும் பற்களும் புதைபடிவங்களாக எஞ்சின. சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரமே கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் அதைக் கண்டறிந்தவர் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன்.

பூக்கும் தாவரங்கள் உலகெங்கும் பரவியதும் இக்காலத்தில்தான். நம் ஊருக்குச் சோறு போடும் பருத்தி, அந்தப் பெருங்குலத்தில் பின்னாளில் வந்த வாரிசு. பேத்தியின் பனியனில் உள்ள படத்தைவிட, அதைப் பின்னிய நூலே நமக்கு நெருங்கிய சொந்தம்.

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டைகள் என்று வதந்தி பரவியது. அவை அம்மோனைட்டுகள் வாழ்ந்த கடலின் படிவுகள் என்று நிலவியலாளர்கள் விளக்க வேண்டியிருந்தது. டைனோசரை அறிந்த நாம் நம் கடலை அறியவில்லை.

அறியாத ஒன்றைக் காப்பாற்றவும் முடியாது. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைகளுக்குச் செல்கிறது. வீடு கட்டச் சிமெண்ட் வேண்டும். சுரங்கங்களை மூடச் சொல்லவில்லை. வெடி வைக்கும் முன், புதைபடிவங்கள் நிறைந்த அடுக்குகளை ஆய்வாளர்கள் பார்வையிட்டுச் சேகரிக்க வழி செய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை. உடைந்த படிவத்தை எந்த ஆலையாலும் மீண்டும் உருவாக்க முடியாது.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சுற்றுலா என்றால் கேளிக்கைப் பூங்காக்களையே நாடுகிறோம். ஒருமுறை சாத்தனூருக்கும், வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். டைனோசரை அச்சிடும் ஊரின் பிள்ளைகள், தம் மாநிலத்தின் பழங்கடலையும் நேரில் காணட்டும்.