பேஸ்மென்ட் ஜிம்முக்கு எந்தத் தரை?

கனடாவின் தெற்கு ஒன்டாரியோவில் குளிர்காலம் வந்தால் மண்ணே உறைந்துபோகும். உறைந்த மண் உப்பும். மேலே இருக்கும் கட்டடத்தையும் தூக்கிப் பார்க்கும். அதனால் அஸ்திவாரத்தைச் சுமார் 1.2 மீட்டர் ஆழத்துக்கு இறக்கியே ஆக வேண்டும். எப்படியும் அவ்வளவு தோண்டுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தளமே கிடைத்துவிடும். அங்கே பேஸ்மென்ட் இவ்வளவு பரவலானதற்கு இது முக்கியமான காரணம். ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் அந்தத் தளம்தான் பனிக்கால உடற்பயிற்சிக்கு இடம்.

அங்கே ஜிம் அமைக்கிறவர்கள் பெரும்பாலும் விரிப்பின் நிறத்தையும் விலையையும் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கான்கிரீட்டை. கான்கிரீட் பார்ப்பதற்குக் கல் மாதிரி இருந்தாலும் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. அடியிலுள்ள மண்ணின் ஈரம் ஆவியாக அதன் வழியே ஏறிக்கொண்டே இருக்கும். தளத்துக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்காமல் கட்டிய பழைய வீடுகளில் இந்த ஓதம் அதிகம். தரையில் வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்திருந்தால் அதுவே அடையாளம்.

சோதிப்பது எளிது. சுமார் 45 சென்டிமீட்டர் சதுரமாகத் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டித் தரையில் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். தாளின் அடிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் தரையிலிருந்து வருகிறது. மேல்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரப்பதம் குளிர்ந்த தரையில் படிகிறது. அதற்கு ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரம் போதும். பனி உருகும் வசந்தத்தில் ஒருமுறை, புழுக்கமான கோடையில் ஒருமுறை என்று இரண்டு தடவை செய்வது நல்லது.

தரையை மூடுமுன் ரேடானையும் அளந்துவிடுங்கள். மண்ணிலுள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகும் இந்தக் கதிரியக்க வாயு, தள விரிசல்கள் வழியே வந்து பேஸ்மென்டில் தேங்கும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த முக்கியமான காரணம் இதுதான். கன மீட்டருக்கு 200 பெக்கரலைத் தாண்டினால் சரிசெய்ய வேண்டும் என்பது கனடாவின் வழிகாட்டு அளவு. மூச்சு வாங்கப் பயிற்சி செய்யப்போகும் அறையில் இதை விட்டுவிடக் கூடாது.

இனி விரிப்பு. கம்பளம் வியர்வையையும் ஓதத்தையும் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். லாமினேட் பலகையின் உள்ளிருப்பது மரத்தூள் அட்டை, நனைந்தால் ஊதிவிடும். வண்ண வண்ணமாகக் கோத்து வைக்கும் ஃபோம் துண்டுகள் யோகாவுக்கும் தரையில் செய்யும் பயிற்சிகளுக்கும் நல்லவை. ஆனால் அவற்றின் மேல் நின்று பளுவோடு ஸ்குவாட் செய்வது மெத்தை மேல் நின்று மூட்டை தூக்குவது போலத்தான்: பாதம் அமிழும், கணுக்கால் ஆடும். ட்ரெட்மில்லின் கால் நின்ற இடத்தில் விழுந்த பள்ளமும் திரும்ப எழாது.

ஆகவே ரப்பர். பழைய டயர்களைத் துருவலாக்கி, பசையிட்டோ கந்தகத்தோடு சூடாக்கியோ அழுத்திச் செய்வது இது. ஓட்டம், சைக்கிள், சிறு டம்பெல் மட்டும் என்றால் 8 மில்லிமீட்டர் போதும். பார்பெல்லைக் கீழே போடுகிறவர்களுக்குச் சுமார் 19 மில்லிமீட்டர் வேண்டும்.

தடிமன் ஏன்? 100 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றால் தரை வாங்கும் சராசரி விசை அதன் எடையைப்போல் ஏறக்குறைய 100 மடங்கு. நான்கு சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் ஏறக்குறைய 25 மடங்குதான். விரிப்பும், பார்பெல்லில் மாட்டும் ரப்பர் எடைத்தட்டும் சேர்ந்து நிற்கும் தூரத்தை நீட்டுகின்றன, கான்கிரீட் தப்பிக்கிறது.

வட அமெரிக்காவில் இந்தத் தேவைக்குப் பலரும் வாங்குவது குதிரை லாய விரிப்பு. லாடம் அடித்த குளம்புகளோடு அரை டன் விலங்கு நாள் முழுக்க நிற்பதைத் தாங்கச் செய்தது. நான்கடிக்கு ஆறடி, எடை சுமார் 45 கிலோ. பண்ணைப் பொருள் கடைகளில் கிடைக்கும். அந்தக் கனத்துக்குப் பசையே வேண்டாம், போட்ட இடத்தில் கிடக்கும். புதிதில் ரப்பர் நாற்றம் அடிக்கும். சோப்புநீரில் தேய்த்துக் கழுவிச் சில நாள் வெளியே காயவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். வினைல் தரைமேல் ரப்பரை நேரடியாகப் போட்டால், ரப்பரில் கலந்த வேதிப்பொருள் கசிந்து மஞ்சள் கறை பிடிக்கும். அது கழுவினாலும் போகாது. அடுத்து, கூரை உயரம். தலைக்கு மேல் தூக்கும்போது 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள எடைத்தட்டில் பாதி உங்கள் கைக்கும் மேலே இருக்கும். தாழ்வான கூரையில் தரையின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணக்கு.

அறை முழுக்க ஒரேயடியாக விரிக்க வேண்டியதில்லை. ஓதச் சோதனையில் தரை தேறிய பிறகு, பளு தூக்கும் இடத்துக்கு மட்டும் இரண்டு தடித்த விரிப்புகள் வாங்கிப் போடுங்கள். மற்ற இடம் இப்போதைக்கு வெறும் கான்கிரீட்டாகவே இருக்கட்டும்.