முகத்துக்கு ஒரு முகமூடி!

பிறந்தநாள் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்ப உங்களுக்கு ஆசை. சரி, படத்தில் உங்கள் குழந்தையின் பக்கத்தில் நிற்கிறாளே அடுத்த வீட்டுச் சிறுமி, அவள் தாயாரைக் கேட்டீர்களா? கேட்கவில்லையென்றால், அவள் முகத்தில் ஒரு சிரிக்கும் எமோஜியை ஒட்டிவிடுங்கள்!

1999-ல் ஜப்பானியத் தொலைபேசி நிறுவனம் ஒன்றுக்காக ஷிகெடகா குரிட்டா 176 எமோஜிகளை உருவாக்கினார். அவை முகமூடியாகவும் உதவுமென்று அன்று யார் கண்டார்கள்!

ஆனால் ஜாக்கிரதை! ஸ்டிக்கர் நெற்றி முதல் மோவாய் வரை மறைக்கட்டும். ஹைலைட்டர் பேனாவால் கறுப்புப் பூசுவதை நம்பாதீர்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் எட்டிப் பார்த்துவிடும். சட்டையில் பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தால் அதன்மேலும் ஒன்று ஒட்டுங்கள். படம் எடுத்த இடத்தின் குறிப்பும் கோப்பினுள் ஒளிந்திருக்கலாம். அதையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

படம் உங்களுடையதுதான், முகம் அவளுடையதல்லவா?