மூன்று முறை சொன்னார் துணை விமானி

2010 மே 22, விடிந்தும் விடியாத காலை ஆறு மணி. துபாயிலிருந்து 166 பேரோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூருவில் இறங்கப்போகிறது. மழை இல்லை, காற்று இல்லை, எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. ஓடுதளம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் இருக்கைப் பட்டையைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். அடுத்த சில நிமிடங்களில் விமானத்தில் இருந்தவர்களில் 158 பேர் இறந்துபோனார்கள். எட்டே பேர் பிழைத்தார்கள்.

காக்பிட்டின் குரல் பதிவுக் கருவியில் கடைசி இரண்டு மணி நேரச் சொச்சம் பதிவாகியிருந்தது. அதில் சுமார் ஒரு மணி நாற்பது நிமிடம் கேப்டன் தூக்கத்தில் இருந்திருக்கிறார். குறட்டையும் மூச்சுச் சத்தமும் பதிவில் கேட்கின்றன. அருகில் துணை விமானி தனியாக வானொலியில் பேசிக்கொண்டு வந்தார். மங்களூருவின் ரேடார் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. அதனால் கீழே இறங்க அனுமதி வழக்கத்தைவிடத் தாமதமாகக் கிடைத்தது. கேப்டன் கண் விழித்த பிறகு, இறுதித் தரையிறக்கப் பாதைக்கு வந்தபோது, விமானம் இருக்கவேண்டிய உயரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் இருந்தது.

தரையிறக்கத்துக்கு ஒரு சரிவுப் பாதை உண்டு. மூன்று டிகிரி சாய்வு. ஓடுதளத்துக்கு ஐந்து கடல் மைல் தொலைவில் 1,500 அடி, மூன்று மைலில் 900 அடி என்று படிப்படியாக இறங்கிவர வேண்டும். வேகமும் உயரமும் திசையும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குள் சீராகிவிட வேண்டும். ஆகாவிட்டால் விதி ஒன்றுதான்: எஞ்சினுக்கு முழு வேகம் கொடுத்து மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி வருவது. விமானிகள் இதைக் ‘கோ-அரவுண்ட்’ என்பார்கள். எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகும், பத்துப் பதினைந்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான்.

உயரம் மிக அதிகம் என்பதைத் துணை விமானிதான் முதலில் சொன்னார். ஓடுதளம் நேர் கீழே கிடக்கிறது என்றார். கேப்டனின் வாயிலிருந்து வந்தது, “ஓ மை காட்.” அவர் தானியங்கிக் கருவியை விலக்கிவிட்டு விமானத்தைக் கையால் செங்குத்தாக இறக்கத் தொடங்கினார். அப்போது துணை விமானி கேட்டார்: “கோ-அரவுண்ட்?”

அந்தக் கேள்விக்குறியைப் பாருங்கள். அவர் அதை முடிவாகச் சொல்லவில்லை, கேள்வியாகக் கேட்டார். கேப்டனோ அதற்குப் பதில் தராமல், பாதையைக் காட்டும் கருவியின் சமிக்ஞை தவறு என்பதுபோல் எதையோ சொன்னார். ஒருவர் ‘இறங்க வேண்டாமா’ என்கிறார், மற்றவர் ‘நாம் எங்கே இருக்கிறோம்’ என்பதிலேயே நிற்கிறார். துணை விமானி இரண்டாம் முறையும் கோ-அரவுண்ட் என்றார், விமானம் நிலைப்படவில்லை என்று காரணமும் சேர்த்தார். விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது.

இதற்கு அடுத்த சில விநாடிகளை என்னால் மனம் பதறாமல் படிக்க முடியவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரம் வானொலியில் கேட்கிறது: சரியான பாதையில் இருக்கிறீர்களா, உறுதி செய்யுங்கள். ‘ஆம்’ என்று சொல்லும்படி கேப்டன் துணை விமானியை அழுத்தமாகத் தூண்டுகிறார். எது தவறு என்று தெரிந்திருந்த மனிதரின் வாயாலேயே, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற செய்தி கோபுரத்துக்குப் போகிறது. கோபுரம் தரையிறங்க அனுமதி கொடுக்கிறது.

விமானம் அப்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,000 அடி வேகத்தில் இறங்கியது. வழக்கமாக 700, 800 அடிதான் இருக்கும். தரை நெருங்குவதை உணர்த்தும் கருவியின் எச்சரிக்கைக் குரல் ஓயாமல் ஒலித்தது. ஓடுதளத்தின் விளிம்பை 50 அடி உயரத்தில் கடக்க வேண்டிய விமானம் 200 அடி உயரத்தில் கடந்தது. ஓடுதளம் விரைந்து தீர்ந்துகொண்டிருந்த அந்த வேளையில் துணை விமானி மூன்றாம் முறை சொன்னார்: கோ-அரவுண்ட், கேப்டன். நமக்கு ஓடுதளம் மிச்சமில்லை.

8,033 அடி நீள ஓடுதளத்தில் ஏறத்தாழ 5,200 அடி கடந்த பிறகுதான் சக்கரங்கள் தரையில் அழுந்தின. பிரேக் போட்டு ஆறு விநாடிக்குள் கேப்டன் மனம் மாறி மீண்டும் மேலெழும்ப முயன்றார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மங்களூரு விமான நிலையம் மலை உச்சியைச் சமப்படுத்திக் கட்டியது. ஓடுதள முனைக்கு அப்பால் ஒரு கான்கிரீட் அமைப்பில் வலது இறக்கை மோத, விமானம் பள்ளத்தாக்கில் விழுந்து எரிந்தது.

துணை விமானிமேல் பழியைப் போட்டுவிட்டுப் போவது எளிது. அவர் ஏன் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்கலாம். விசாரணையும் அதைக் குறித்திருக்கிறது. ஆனால் பக்கத்து இருக்கையில் இருந்தவர் பத்தாயிரம் மணி நேரத்துக்குமேல் பறந்தவர். அவர் கையிலிருந்த கோலைத் தரைக்குச் சில நூறு அடி உயரத்தில் பிடுங்குவது எத்தகைய செயல் என்பதை நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற நாம் உணர மாட்டோம். நம் வீட்டிலேயே பார்க்கிறோமே. சித்தப்பா காரை வேகமாக ஓட்டினால் பக்கத்தில் இருப்பவர் “கொஞ்சம் பார்த்து, சித்தப்பா” என்பார். “பிரேக்கைப் போடுங்க” என்று வாய் திறந்து சொல்ல எத்தனை பேருக்கு வரும்?

இதை நான் சும்மா சொல்லவில்லை. பத்து ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 7 இரவு, கொட்டும் மழையில் கோழிக்கோட்டில் இதே கதை நடந்தது. அதே நிறுவனம், அதே துபாய், அதேபோல் மேட்டின் மேல் அமைந்த ஓடுதளம். பின்னாலிருந்து காற்று தள்ள, கேப்டன் பக்கத்துக் கண்ணாடியின் வைப்பர் சரிவர வேலை செய்யாத நிலையில், விமானம் ஓடுதளத்தின் பாதி வரை மிதந்துகொண்டே போனது. துணை விமானி சொன்ன சொல், “ஜஸ்ட் செக் இட்.” நம் ‘கொஞ்சம் பார்த்து, சித்தப்பா’வேதான். அடுத்துத் தயங்கிய குரலில் “கேப்டன்” என்று அழைத்தார். சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்புதான் “கோ-அரவுண்ட்” என்ற சொல் வந்தது. விமானிகள் இருவரையும் சேர்த்து 21 பேர் இறந்தார்கள். கோ-அரவுண்ட் என்று சொன்ன பிறகும் கேப்டன் அதைச் செய்யவில்லை, துணை விமானியும் கட்டுப்பாட்டை எடுக்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. மங்களூருவைப் பற்றிச் சொன்னதும் இதையேதான்.

உலகம் இந்தப் பாடத்தைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்து அருகே யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று, சக்கரக் கோளாறைப் பார்த்துக்கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் வட்டமிட்டு, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைகிறது என்று சக ஊழியர்கள் கேப்டனிடம் சொல்லாமல் இல்லை. மென்மையாகச் சொன்னார்கள், அவர் காதில் ஏறவில்லை. பத்துப் பேர் இறந்தனர். அதன் பிறகுதான் காக்பிட்டில் எப்படிப் பேசுவது என்பதே ஒரு பயிற்சியாயிற்று. இன்று உலகெங்கும் விமானிகள் அதைப் படிக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பயிற்சி பெரும்பாலும் இளையவரைப் பார்த்து ‘தைரியமாகப் பேசு’ என்கிறது. மங்களூரு துணை விமானி பேசத்தானே செய்தார்? மூன்று முறை பேசினார். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. எனவே கேப்டன் நாற்காலியில் உட்காருகிறவருக்குக் கேட்கும் பயிற்சிதான் முதலில் வேண்டும் என்பேன். இருவரில் யார் வாயிலிருந்து ‘கோ-அரவுண்ட்’ வந்தாலும் விவாதமே இல்லாமல் விமானம் மேலே எழும்ப வேண்டும் என்ற விதி பல நிறுவனங்களில் இருக்கிறது. இரண்டு முறை எச்சரித்தும் பதில் வராவிட்டால் ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’ என்று சொல்லி இளையவர் விமானத்தை வாங்கிக்கொள்வதும் விதியில் உண்டு. ஏட்டில் இருக்கிற அந்த விதி கைக்கு வர வேண்டும். சிமுலேட்டரில் ஒவ்வொரு துணை விமானியும் கேப்டனிடமிருந்து விமானத்தை உண்மையாகவே பறித்துப் பழக வேண்டும், பறிகொடுத்த கேப்டன் அதற்காக நன்றி சொல்லிப் பழக வேண்டும்.

பயணிகளிடமும் ஒரு வேண்டுகோள். இறங்கப்போன உங்கள் விமானம் திடீரென்று உறுமிக்கொண்டு மேலே எழும்பினால் முணுமுணுக்காதீர்கள், தாமதத்துக்காகப் பணிப்பெண்ணிடம் சண்டை போடாதீர்கள். முன்னால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்டிருக்கிறார்.